மறுபடியும் ஃபிலிம் ரோல்: தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபிலிம் கேமராவை இன்று கையில் எடுப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு காலத்தில் ரோல் போட்டு எடுத்துப் பழகி, டிஜிட்டல் வந்ததும் அலமாரியில் வைத்துவிட்டு, இப்போது தூசி தட்டுகிறவர்கள் ஒரு பக்கம். டிஜிட்டலிலேயே கற்றுக்கொண்டு, ஃபிலிமையும் பார்த்துவிடலாமே என்று வருகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: படம் கெட்டுப்போனால் அது எதனால் கெட்டது என்று பிடிபடுவதில்லை.

டிஜிட்டலில் தப்பு நடந்த அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். ஃபிலிமிலோ ரோல் முடிந்து, லேபுக்குப் போய், கழுவித் திரும்பி வரும்போது எந்த ஃபிரேமை எந்த வெளிச்சத்தில் என்ன வைத்து எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். தப்பு கேமராவிலா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிலா, லேபிலா, நம் கையிலா? பலர் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே அடுத்த ரோலுக்கு வேறு ஃபிலிம், வேறு லென்ஸ், வேறு லேப் என்று மாற்றுவார்கள். குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

அதனால் முதல் சில ரோல்களுக்கு ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஃபிலிம், ஒரே லேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதென்றால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதையொட்டித்தான்.

"ஃபிலிம் இன்னும் தயாரிக்கிறார்களா?" என்று கேட்பவர்களுக்கு: தயாரிக்கிறார்கள். 2009இல் கோடாக்குரோம் என்ற புகழ்பெற்ற கலர் ஃபிலிம் நின்றது, 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டது, அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 2018இல் கோடாக் எக்டாகுரோம் ஸ்லைடு ஃபிலிம் (கழுவியதும் நெகட்டிவாக இல்லாமல் நிஜ நிறப் படமாகவே வருவது) திரும்பி வந்தது. 2022இல் லைக்கா தன் எம்6 கேமராவை மறுபடி வெளியிட்டது. இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம் 2023 இறுதியில் ஃபீனிக்ஸ் 200 என்ற கலர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 வந்தது. 36 படம் எடுக்கும் ரோலில் 72 அரை ஃபிரேம் எடுக்கும் புத்தம் புதுக் கேமரா. குறைந்துபோனது தெரு முனை லேபும், பழைய கேமராவைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும்தான்.

அலமாரியில் கிடக்கும் பழைய கேமரா

வீட்டில் பழைய கேமரா கிடைத்தால் முதலில் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கலாம். மேலே இடப்பக்கம் இருக்கும் ரீவைண்டு குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தங்கு தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் அநேகமாக உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்சம் சுற்றியதும் இறுகினால் ரோல் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, முழுவதும் பின்னால் சுற்றி எடுத்துவிடுங்கள். அதில் யார் முகம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! பல ஆண்டு கிடந்த ஃபிலிமில் மூட்டமாகவாவது உருவம் கிடைப்பதுண்டு. ஆனால் டப்பாவில் கோடாக்குரோம் என்று எழுதியிருந்தால் கலரை மறந்துவிட வேண்டியதுதான். அதற்குரிய கே-14 முறையில் கழுவ இன்று லேப் எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருவார்கள்.

ரோல் எடுத்தபின் திறந்து பாருங்கள். மூடியின் ஓரப் பள்ளங்களில் கறுப்பு ஃபோம் பட்டை இருக்கும். வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுப்பது அதுதான். பல பத்தாண்டு ஆனால் அது தார் மாதிரி உருகி விரலில் ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். உதிர்ந்தது ஷட்டர் திரையில் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை) விழுந்தால் வேறு தொல்லை. பழைய ஃபோமை மரக்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, புது ஃபோம் ஒட்டுவது ஒரு மாலை வேலை. செலவு குறைவு, பலன் அதிகம்.

அப்புறம் பேட்டரி அறை. பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவையுங்கள். 1960, 70களின் கேமராக்கள் பலவற்றில் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி போடுவார்கள். ஒலிம்பஸ் ஓஎம்-1 அப்படிப்பட்டது. பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் தப்பாகக் காட்டலாம். அந்த வோல்ட்டேஜுக்கு நெருக்கமாக வரும் ஜிங்க்-ஏர் செல் போடலாம். இல்லையென்றால் கேமரா மீட்டரை விட்டுவிட்டுப் போனில் ஒரு லைட் மீட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள்.

வாங்குவதென்றால்

முதல் கேமராவாக ஒரு மேனுவல் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து, எல்லாவற்றையும் கையால் வைத்து எடுப்பது) வாங்குங்கள், கூட ஒரு 50 மி.மீ. லென்ஸ். பென்டாக்ஸ் கே1000 இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்: 1976 முதல் 1997 வரை தயாரானது, ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி மீட்டருக்கு மட்டும். அதில் மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, எனவே எடுக்காதபோது லென்ஸ் மூடியைப் போட்டுவைத்தால்தான் பேட்டரி தாங்கும். நிகான் எஃப்எம்2வும் இயந்திர ஷட்டர்தான், 1/4000 வரை போகும். கேனன் ஏஇ-1 அழகான கேமரா, ஆனால் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. ஷட்டர் விழும்போது கீச்சென்று இருமுவது அதன் பிரபலமான வியாதி. வாங்குமுன் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பாக்கெட்டில் போடும் ஆட்டோமேட்டிக் கேமராக்களை முதலில் வாங்க வேண்டாம் என்பேன். பிரபலங்கள் கையில் தெரிந்ததால் சிலவற்றின் விலை எங்கேயோ போய்விட்டது. உள்ளே இருக்கும் மின்சுற்று ஒருநாள் செத்தால் பழுது பார்க்க உதிரி பாகமே இருக்காது. அதோடு, என்ன எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறிது), என்ன ஷட்டர் வேகம் என்று பலவற்றில் காட்டாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது பெரிய குறை.

பழைய கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஷட்டரை ஒரு நொடியில் விடுங்கள். ஒரு நொடி என்று மனசுக்குப் படுகிறதா, இழுத்துக்கொண்டு நிற்கிறதா? பிறகு 1/60, பிறகு 1/1000. அதிவேகத்தில் வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி பின்னாலிருந்து கவனித்தால் சட்டகம் முழுதும் வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் திரைகள் சரியாக ஓடவில்லை. லென்ஸைக் கழற்றி ஒரு டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். நாலைந்து தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, வேண்டாம். லென்ஸ் துவாரத்தைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அவை சோம்பேறித்தனமாக மூடும், அதுவும் வேண்டாம்.

இணையத்தில் வாங்குவதென்றால் "சோதித்துப் பார்க்கவில்லை" என்ற குறிப்பை "வேலை செய்யவில்லை" என்றே படியுங்கள். அந்தக் கேமராவில் சமீபத்தில் எடுத்த ரோல் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் காட்டுகிறவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம்.

எந்த ஃபிலிம்?

35 மி.மீ., ஐஎஸ்ஓ 400 நெகட்டிவ் ஃபிலிம். கலரா கறுப்பு வெள்ளையா என்பது உங்கள் விருப்பம். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு எளிதில் பிடிக்கும் என்ற எண். 400 என்றால் வெயிலிலும் எடுக்கலாம், மாலை நிழலிலும் சமாளிக்கலாம். இரவு வீட்டு விளக்கில் ஏறக்குறைய எஃப்/2, 1/30 கிடைக்கும். கை நடுங்காமல் பிடித்தால் படம் வரும்.

கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் இரண்டும் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். கலரில் எந்த லேபும் கழுவக்கூடிய சி-41 ஃபிலிம் (கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறையின் பெயர் சி-41) ஏதாவது ஒன்று. ஸ்லைடு ஃபிலிமைத் தள்ளிப்போடுங்கள். அதில் அரை ஸ்டாப் பிசகினாலே தெரிந்துவிடும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி). தேதி கடந்த ஃபிலிமையும் தள்ளிப்போடுங்கள். மலிவாகக் கிடைக்கும், நிறம் வித்தியாசமாக வரும் என்று ஆசை காட்டுவார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் ஃபிலிமின் வயசா, உங்கள் எக்ஸ்போஷரா (ஃபிலிமுக்குக் கொடுத்த வெளிச்சத்தின் அளவு), ஃபோம் கசிவா என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொரு எச்சரிக்கை. சினிமா ஃபிலிமை வெட்டி ரோலில் அடைத்து விற்பதும் உண்டு. அதன் பின்புறம் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு இருக்கலாம். அதைச் சொல்லாமல் சாதாரண சி-41 லேபில் கொடுத்தால் அவர்களுடைய இயந்திரமே அழுக்காகும், மற்றவர்களின் ரோலும் சேர்ந்து கெடும். முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஃபிலிமைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் படியும்.

ரோல் மாட்டுவது

முதல் ரோல் முழுக்க வெறுமையாக வருவதற்கு முக்கியக் காரணம் ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை என்பதுதான். தவிர்ப்பது சுலபம்.

நிழலில் நின்று மாட்டுங்கள். ரீவைண்டு குமிழை மேலே தூக்கினால் மூடி திறக்கும். ரோலை இடப்பக்கக் குழியில் வைத்துக் குமிழை அமுக்குங்கள். ரோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் நாக்கை இழுத்து வலப்பக்கச் சுருளின் பிளவில் நன்றாகச் செருகி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை ஒரு தடவை தள்ளுங்கள். பல்சக்கரம் ஃபிலிமின் இரு ஓரத் துளைகளிலும் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தபின்தான் மூடியைச் சாத்த வேண்டும். சாத்தியதும் குமிழின் கைப்பிடியை விரித்து, இறுகும்வரை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். இப்போது லீவரைத் தள்ளி ஷட்டரை விடுங்கள், மறுபடி தள்ளுங்கள். தள்ளும்போது உங்கள் கண் ரீவைண்டு குமிழ் மேல் இருக்கட்டும். அது எதிர்த்திசையில் சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது. சுற்றவில்லை என்றால் திறந்து மறுபடி மாட்டுங்கள். போவது நாக்குப் பகுதி மட்டும்தான்.

எண்ணிக்கை 1 வந்ததும் ஐஎஸ்ஓ வட்டை ஃபிலிமுக்கு ஏற்றபடி வையுங்கள். முந்தைய ரோல் 100, இப்போது 400 என்றால் இங்கேதான் கோட்டை விடுவார்கள். ஃபிலிம் டப்பாவின் அட்டைத் துண்டைக் கிழித்துக் கேமராவின் பின்புறச் சட்டத்தில் செருகி வைப்பது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம்.

ரோல் முடியும்போது லீவர் பாதியில் முரண்டு பிடிக்கும். வற்புறுத்தாதீர்கள், ஃபிலிம் ரோலிலிருந்து பிய்ந்து வந்துவிடும். அடிப் பொத்தானை அழுத்திப் பின்னால் சுற்றுங்கள். இறுக்கம் திடீரென்று விடுபட்டதும் இன்னும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டுத் திறக்கலாம்.

டிஜிட்டல் கையை மாற்றிக்கொள்வது

டிஜிட்டலில் நன்றாகத் தேர்ந்தவர்களே இங்கே அதிகம் தடுமாறுவார்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன வானம் திரும்பி வராது; நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். அதனால் ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பது கையோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. நெகட்டிவ் ஃபிலிம் இதற்கு நேர் தலைகீழ். வெளிச்சம் கூடிப்போனால் இரண்டு ஸ்டாப் வரை கலர் நெகட்டிவ் சிரித்துக்கொண்டே தாங்கும். குறைந்துபோனாலோ நிழலில் வெள்ளிப் படிவமே உண்டாகாது. உண்டாகாததை எந்த மென்பொருளாலும் தூக்க முடியாது. ஸ்கேனில் சேறு மாதிரி பச்சையும் பழுப்புமாகப் பொரிப்பொரியாக வரும். "என் ஃபிலிமில் கிரெயின் (பொரி) அதிகம்" என்று காட்டுகிற படங்களில் பெரும்பாலானவை வெளிச்சம் போதாமல் எடுத்தவை.

எனவே மீட்டரை நிழலைப் பார்த்துப் படியுங்கள். ஒருவர் மரத்தடியில் நிற்கிறார், பின்னால் பளீரென்ற வானம். கேமராவை அப்படியே தூக்கிப் பார்த்தால் மீட்டர் வானத்தை நம்பி 1/1000 சொல்லும். கேமராவைக் கீழே சாய்த்து, வானம் தெரியாமல், அவர் சட்டையையும் தரையையும் மட்டும் பார்த்தால் 1/125 சொல்லும். இரண்டாவதை வைத்து எடுங்கள். வானம் கொஞ்சம் வெளுக்கும், முகம் முகமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் இது பொருந்தாது, அது டிஜிட்டல் மாதிரிதான்.

மீட்டரே இல்லாவிட்டாலும் பகலில் எடுக்கலாம். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டர் வேகத்தை ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் வையுங்கள்; 400 ஃபிலிமுக்கு 1/500. மெல்லிய மேகம் வந்து நிழலின் ஓரம் மங்கினால் எஃப்/11. நிழலே விழாத மூட்டத்தில் எஃப்/8. திறந்தவெளி நிழலில் எஃப்/4. இதை மனப்பாடம் செய்துகொண்டால் மீட்டர் உளறும்போது உடனே பிடித்துவிடலாம். நிஜப் பயன் அதுதான்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிட்டலில் வெள்ளைச் சமன் தானாகச் சரியாகிக்கொண்டே இருக்கும். சாதாரண கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது. மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் ஆரஞ்சாக வரும், சில டியூப்லைட்டில் பச்சை தட்டும். ஸ்கேனில் ஓரளவு திருத்தலாம், அதற்கும் போதுமான வெளிச்சம் கொடுத்து எடுத்திருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓவை நடு ரோலில் மாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இருட்டியதும் கை தானாக அந்த வட்டைத் திருப்பும். திருப்பாதீர்கள். 400 ரோலை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டச் சொல்வது தனி உத்தி. அதை முழு ரோலுக்கும் செய்ய வேண்டும், லேபிடம் சொல்லவும் வேண்டும்.

குறிப்பு எழுதுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனாலும் முதல் இரண்டு மூன்று ரோலுக்காவது ஃபிரேம் எண், எஃப் எண், வேகம், வெளிச்சம் எப்படி என்று நாலே வார்த்தை எழுதிவையுங்கள். "12, எஃப்/4, 1/125, ஜன்னல் ஓரம்" என்றால் போதும். எழுதச் சோம்பலாக இருந்தால் கேமராவின் வட்டுகளைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமும் இடமும் அதிலேயே பதிவாகிவிடும். ஒரே காட்சியை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று, ஒன்று குறைத்து ஒன்று என நாலு ஃபிரேம் செலவழித்து எடுத்துப் பாருங்கள். உங்கள் கேமராவின் மீட்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இவ்வளவு மலிவாகச் சொல்லித்தர வேறு வழியில்லை.

லேபில் கேட்க வேண்டியது

நெகட்டிவைத் திருப்பித் தருவீர்களா? இதுதான் முதல் கேள்வி. ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் இடங்களும் இருக்கின்றன. உங்கள் மூலப் படம் நெகட்டிவ்தான். ஸ்கேன் யாரோ ஒருவர் அவசரத்தில் எடுத்த நகல். அடுத்து, கறுப்பு வெள்ளையை அங்கேயே கழுவுகிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? ஸ்கேன் எத்தனை பிக்சல்? போன் திரைக்கு ஆயிரத்து ஐந்நூறு பிக்சல் அகலம் போதும், பெரிய பிரிண்ட் போட நினைத்தால் போதாது.

விமானத்தில் போகிறவர்கள் ஃபிலிமைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கைப்பைகளுக்குப் புதிதாக வந்துள்ள, எக்ஸ்ரேயால் பார்க்கும் சி.டி. ஸ்கேனர்களும் ஃபிலிமை மூட்டமாக்கிவிடும். தெளிவான பையில் தனியாக வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நெகட்டிவைப் படிப்பது

இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்தவர்கள்கூட ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு நெகட்டிவை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து பொய் சொல்லும். நெகட்டிவ் சொல்லாது.

வெள்ளைத் திரை காட்டும் டேப்லெட்டின் மேல் நெகட்டிவைப் பிடித்து, முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். துளைகளுக்குப் பக்கத்தில் ஃபிலிம் பெயரும் ஃபிரேம் எண்களும் அச்சாகியிருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எனவே அவை கழுவியவரைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். எழுத்துகள் கருமையாகப் பளிச்சென்று இருந்து, படம் மட்டும் வெளிறியிருந்தால் நீங்கள் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறீர்கள். எழுத்தும் வெளிறி, படமும் வெளிறியிருந்தால் டெவலப்பர் (உருவத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) சரியாக வேலை செய்யவில்லை. எழுத்து இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை என்றால் ஃபிலிம் கேமராவில் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவே இல்லை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துப்போயிருந்தது, அல்லது உருவத்தை நிலைப்படுத்தக் கடைசியில் ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டார்கள். லேபோடு சண்டைக்குப் போகுமுன் இந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பாதிச் சண்டை தேவைப்படாது.

அடுத்து நிழல்கள். நெகட்டிவில் நிழல் என்பது வெளிறிய பகுதி. அங்கே தலைமுடியின் இழையோ துணியின் மடிப்போ லேசாகவாவது தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. வெறும் கண்ணாடி மாதிரி இருந்தால் குறைவு. பிறகு மிகக் கறுத்த பகுதி, அதாவது வானமோ வெள்ளைச் சட்டையோ. கறுப்பு வெள்ளை நெகட்டிவை அச்சடித்த தாளின் மேல் வைத்தால் அதன் வழியே எழுத்து மங்கலாகவாவது படிக்க வர வேண்டும். துளிகூடத் தெரியாவிட்டால் அதிகம் கழுவியிருக்கிறது.

மூட்டமான கறை துளைகள் வரை பரவி, பல ஃபிரேமில் ஒரே இடத்தில் வந்தால் ஃபோம் கசிவு. சட்டகத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் லென்ஸில் வெயில் பட்டது. ஃபிளாஷ் போட்ட படத்தில் ஒரு பட்டை மட்டும் வெறுமையாக இருந்தால் ஷட்டர் வேகம் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. 1/1000இல் எடுத்தவற்றில் மட்டும் ஒரு ஓரம் வெளிறினால் ஷட்டர் திரைக்கு வைத்தியம் தேவை. ஃபிரேம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் லீவர் பொறிமுறையைக் காட்டுங்கள்.

வீட்டில் கழுவுவது

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், இருட்டறை தேவையில்லை. வெளிச்சம் புகாத ஒரு டாங்க், கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பை, வெப்பமானி, அளவுக் குவளை, மூன்று ரசாயனம். ஃபிலிமை ரீலில் ஏற்றுவது மட்டும்தான் கஷ்டம். வீணான ரோல் ஒன்றை வெளிச்சத்தில் ஏற்றிப் பழகி, பின்பு கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி, அப்புறம் பைக்குள் போங்கள். ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. கை வியர்க்க வியர்க்கப் பைக்குள் ஈரம் இன்னும் ஏறும். அப்படி ஆனால் ஃபிலிமை டாங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துக் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள்.

எச்பி5 பிளஸை 400லேயே எடுத்திருந்தால் இல்ஃபோர்டு ஐடி-11 டெவலப்பரை நீர் கலக்காமல், 20 டிகிரி செல்சியஸில், ஏழரை நிமிடம். சம அளவு நீர் கலந்தால் 13 நிமிடம். முதல் 10 நொடியில் டாங்கை நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே போல். ஒவ்வொரு முறையும் மேசையில் ஒரு தட்டு தட்டினால் குமிழிகள் விடுபடும். அடுத்து டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், அடுத்து ஃபிக்ஸர் மூன்று முதல் ஐந்து நிமிடம். ஃபிக்ஸர் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய நாக்குத் துண்டை அதில் போட்டு அது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள். கழுவி முடித்த ஃபிலிம் பால்போல் மங்கலாக இருந்தால் பதற வேண்டாம், மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் தெளிந்துவிடும்.

அலசுவதற்கும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதில்லை. டாங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி நிரப்பி 20 தடவை. எல்லாத் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். கடைசி அலசலில், நீர்க்கறை விழாமலிருக்க வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு. தூசியில்லாத குளியலறையில், கீழே ஒரு கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள்.

கலர் சி-41ஐயும் வீட்டில் செய்கிறவர்கள் உண்டு. டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. சூடு கொஞ்சம் பிசகினாலும் நிறம் சாயும். முதலில் கறுப்பு வெள்ளையில் கை பழகட்டும்.

ஸ்கேன்

உங்களிடம் டிஜிட்டல் கேமரா இருந்தால் அதுவே நல்ல ஸ்கேனர். மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், நிறம் பிசகாத ஒரு வெளிச்சப் பலகை, நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம், ஒரு தாங்கி. கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: நெகட்டிவ் வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் தெரிந்தால் நேர். அறை விளக்கை அணைத்துவிட்டு, எஃப்/8 அளவில், ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

ஸ்கேனரே வாங்குகிறவர்கள் அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதியைப் பார்த்து மயங்குவார்கள். கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும். வெள்ளி தங்கிய சாதாரண கறுப்பு வெள்ளையில் செய்யாது, அந்தக் கதிரை வெள்ளியே மறைத்துவிடும். அங்கே ஊதுபந்தும் மென்தூரிகையும் பொறுமையும்தான்.

பாதுகாப்பது

ஆறாறு ஃபிரேமாக வெட்டி, அமிலமில்லாத உறையில் போட்டு, ஒரு கோப்பில் வரிசையாக வையுங்கள். உறையின் மேல் ரோல் எண்ணும் தேதியும் எழுதி, அதே எண்ணை ஸ்கேன் கோப்புறைக்கும் குறிப்பேட்டுக்கும் கொடுங்கள். ஈரமில்லாத இடமாக இருக்கட்டும். கேமராவை நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள், லீவரை இழுத்த நிலையில் விட்டுவைக்காமல் ஷட்டரை விட்டுவிட்டு வையுங்கள். தோல் உறைக்குள் போட்டு மூடிவைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். மாதம் ஒருமுறை எடுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை விட்டுப் பாருங்கள்.